பழைய போர்ஷே 911 வாங்கப் போகிறீர்களா? விலை ஏறி இறங்கும் காலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் இருக்கிறேன். 2015 கடைசியில் 46,000 பவுண்டு கொடுத்து ஒரு 1986 போர்ஷே 911 கரேரா 3.2 வாங்கினேன். வெள்ளை நிறம். அப்போது விலை உச்சியில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த நான்கு வருடத்தில் அதே மாதிரி வண்டிகள் 40,000-க்குக் கீழே போயின. கொரோனா காலத்தில் முன்பின் தெரியாத ஒருவர் பெட்ரோல் பங்கில் வைத்தே 58,000 தருகிறேன் என்றார். இப்போது மறுபடி சுருதி இறங்கியிருக்கிறது. வண்டி என்னவோ அதே ஷெட்டில், அதே இடத்தில்தான் நிற்கிறது.

இத்தனை வருடத்தில் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். விதிகளும் வரியும் பிரிட்டனுடையவை. வண்டியைப் பார்த்து வாங்கும் முறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

911 என்றால் எந்த 911?

1963 பிராங்பர்ட் கண்காட்சிக்கு இது 901 என்ற பெயரில் வந்தது. நடுவில் பூஜ்யம் போட்ட மூன்றிலக்கப் பெயர் தங்களுடையது என்று பெஜோ கம்பெனி கொடி பிடிக்கவே 911 ஆனது. அன்றிலிருந்து 1998 மார்ச் வரை ஒரே சூத்திரம்: இன்ஜின் பின்பக்கம், சிலிண்டர்கள் படுத்த வாக்கில் ஆறு, குளிர வைக்கக் காற்றும் ஆயிலும். தண்ணீர் ரேடியேட்டர் கிடையாது. சேகரிப்பவர்கள் ‘ஏர்கூல்டு’ என்று தனியாகப் பிரித்துப் பேசுவது இந்த வண்டிகளைத்தான்.

அதற்குள் நான்கு தலைமுறை. 1973 வரை வந்தவை மெல்லிய பம்பரும் நீண்ட பானட்டும் கொண்டவை. அமெரிக்க பம்பர் சட்டத்துக்காக 1974-இல் பெரிய பம்பர் வந்தது. அது 1989 வரை ஓடியது, அதற்குள்தான் 2.7, 3.0 எஸ்சி, 3.2 கரேரா எல்லாம் அடக்கம். பிறகு 964, கடைசியாக 993.

விளம்பரங்களில் ‘அபூர்வமான’ என்ற சொல்லைப் பார்த்தால் ஒரு கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 1973 கரேரா ஆர்எஸ் 2.7, பந்தய அனுமதிக்காக 500 செய்தால் போதும் என்று தொடங்கி, கேட்பவர்கள் பெருகியதால் 1,580 செய்யப்பட்டது. அது அபூர்வம். 3.2 கரேரா 76,000-க்கு மேல் செய்யப்பட்டது. 964-உம் 993-உம் தலா 60,000-க்கு மேல். அருமையான வண்டிகள்தான், ஆனால் அபூர்வம் கிடையாது. இன்று தவறவிட்டால் அடுத்த மாதம் இன்னொன்று வரும்.

விலை ஏன் இப்படி ஆடுகிறது?

பெரிய காரணம் வாங்குபவரின் வயது. 1980-களில் சுவரில் இந்த வண்டியின் படத்தை ஒட்டி வைத்திருந்த பையன்களுக்கு 2010 வாக்கில் கையில் காசு சேர்ந்தது. அதே நேரத்தில் வங்கியில் போட்ட பணம் வட்டி தரவில்லை. இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 2009 மார்ச்சிலிருந்து அரை சதவீதம், கொரோனாவில் 0.1. சும்மா கிடக்கும் பணம் ஷெட்டுக்குள் போய் நின்றது. 2023 ஆகஸ்ட்டில் அந்த வட்டி 5.25-ஐத் தொட்டதும் கதை திரும்பியது. கடனில் வாங்கியவர்கள் விற்க வந்தார்கள், ரொக்கம் வைத்திருந்தவர்கள் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

964-க்கு மட்டும் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. கலிபோர்னியாவின் சிங்கர் போன்ற பட்டறைகள் 964-ஐ எடுத்து, பிரித்து, முழுக்க மாற்றிக் கட்டிப் பெரும் விலைக்கு விற்கின்றன. அப்படிப் போனது திரும்பி வராது. ஒரு காலத்தில் ‘குடும்பத்தில் அழகில்லாத பிள்ளை’ என்று ஒதுக்கப்பட்டது 964. இன்று அதன் பெயரைச் சொன்னாலே விற்பவர் நிமிர்ந்து உட்காருகிறார்.

இது புது வியாதி ஒன்றும் இல்லை. 1988 ஆகஸ்ட்டில் என்சோ பெராரி இறந்ததும் பெராரி விலைகள் வானத்துக்குப் போயின. 1990-க்குப் பிறகு அதே வேகத்தில் தரைக்கு வந்தன. அந்த ஜுரத்தில் பிறந்ததுதான் ஜாகுவார் எக்ஸ்ஜே220. 1988-இல் வி12 இன்ஜினோடும் நான்கு சக்கர இயக்கத்தோடும் காட்டினார்கள். ஆளுக்கு 50,000 பவுண்டு முன்பணம் கட்டி வரிசையில் நின்றார்கள், பலர் ஓட்டுவதற்காக அல்ல, கைமாற்றி விற்பதற்காக. 1992-இல் கைக்கு வந்தபோது வி6 டர்போ, பின்சக்கர இயக்கம் மட்டும், விலையோ நான்கு லட்சம் பவுண்டுக்கு மேல். அதற்குள் சந்தையும் படுத்துவிட்டது. ‘எங்களை விட்டுவிடுங்கள்’ என்று வாங்க வந்தவர்களே கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் 300 வண்டிகூடச் செய்யவில்லை.

இப்போது வாங்கலாமா, இன்னும் இறங்கும்வரை காத்திருக்கலாமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை: சந்தை ஏறி இறங்குவதைவிட வண்டிக்கு வண்டி உள்ள வித்தியாசம் பெரிது.

ஒரே வருடத்து இரண்டு 3.2 கரேரா பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்று வையுங்கள். ஒன்று 45,000, இன்னொன்று 55,000. மலிவானதை எடுத்தவர் ஒரு இன்ஜின் வேலையில் மாட்டினால் பில் 20,000 பவுண்டைத் தாண்டுவது சர்வசாதாரணம். அடியில் துரு இருந்தால் அது தனிக் கணக்கு. சந்தை பத்து சதவீதம் இறங்கட்டும் என்று ஒரு வருடம் காத்திருந்து நீங்கள் மிச்சப்படுத்துவது ஐயாயிரம். தப்பான வண்டியை எடுத்தால் தொலைவது இருபதாயிரம்.

நல்ல வண்டி கிடைத்தால் மெதுவான சந்தையில் வாங்குவது சுகம்தான், பேரம் பேச நேரம் இருக்கும். 2022-இல் விளம்பரம் வந்த அன்றே போன் செய்தாலும் ‘அட்வான்ஸ் வந்துவிட்டது’ என்பார்கள். இப்போது மூன்று முறை போய்ப் பார்க்கலாம், டீயும் கொடுக்கிறார்கள்.

சரியான விலை என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நம்மூர் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இங்கே டீலர்கள் விலை போடாமல் ‘விலைக்கு அழைக்கவும்’ என்று எழுதுவதும் அதே துண்டுதான்.

கேட்கும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆறு மாதமாக 75,000 என்று நிற்கும் வண்டியின் விலை 75,000 இல்லை என்பதற்கு அந்த ஆறு மாதமே சாட்சி. விற்ற விலைதான் விலை. அதைத் திறந்து காட்டுபவை ஆன்லைன் ஏலங்கள்: அமெரிக்காவில் 2014 முதல் ஏலம் நடத்தும் பிரிங் எ டிரெய்லர், பிரிட்டனில் கலெக்டிங் கார்ஸ். முடிந்த ஏலங்கள் படங்களோடு அப்படியே கிடக்கும். விற்காமல் போன வண்டிக்கு வந்த கடைசி ஏலக் கேட்பும் ஒரு தகவல்தான். கீழே கருத்து எழுதுபவர்களில் பாதிப் பேர் வம்பர்கள். மீதிப் பேர் அந்த வண்டியின் கதவிடுக்கில் இருக்கும் துருவை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருப்பார்கள்.

பழைய வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் தரும் ஹேகர்ட்டி கம்பெனி வெளியிடும் விலைப் பட்டியலையும் பாருங்கள். ஒரே மாடலுக்கு நான்கு நிலைகளில் நான்கு விலை போட்டிருப்பார்கள். தன் வண்டி மூன்றாம் நிலை என்று ஒப்புக்கொண்ட விற்பனையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

வண்டியைப் பார்க்கப் போனால் என்ன பார்ப்பது?

காசு கொடுத்து வாங்கும் மாட்டுக்குப் பல்லும் பார்க்க வேண்டும், சுழியும் பார்க்க வேண்டும்.

நான் பார்த்த இரண்டாவது வண்டியைச் சொல்கிறேன். ஜனவரி மாதம், காலை ஒன்பது மணி, புல்லில் உறைபனி. ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று முந்தின இரவே சொல்லியிருந்தேன். போனதும் பின்மூடியில் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரிச் சுடவில்லை, ஆனால் ஊர் முழுக்க உறைந்து கிடக்க அது மட்டும் வெதுவெதுப்பு. ‘ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கத்தான்…’ என்று இழுத்தார். ஷெட்டுக்கும் வண்டிக்கும் இடையே பதினைந்து அடி. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் குளிர்ந்த இன்ஜின் வேண்டும்? இந்த இன்ஜின் படுத்த வாக்கில் இருப்பதால் ராத்திரி முழுக்க நின்றால் கொஞ்சம் ஆயில் சிலிண்டருக்குள் கசியும். முதல் ஸ்டார்ட்டில் ஒரு மூச்சு நீலப் புகை வந்து கலைந்தால் பயப்பட வேண்டாம். சூடான பிறகும் புகை வந்தால், ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது வந்தால், வால்வ் கைடு தேய்ந்திருக்கிறது என்று வையுங்கள். 3.2-க்கு அது பரம்பரை நோய். குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டி, சூடாகும்வரை திணறும் வண்டி, டைமிங் செயின் சத்தம், இவற்றையெல்லாம் முன்கூட்டியே சூடாக்கி மறைத்துவிடலாம்.

ஆயில் அளவு பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆயில் இன்ஜினின் அடியில் தங்குவதில்லை. தனித் தொட்டியில் இருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடாகி, சமதளத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது குச்சி காய்ந்து வரும். ‘ஐயோ ஆயிலே இல்லை’ என்று இரண்டு லிட்டர் ஊற்றிப் புகையில் மூழ்கிய புது முதலாளிகள் நிறையப் பேர். விற்பவரிடம் ‘ஆயில் எப்படிப் பார்ப்பது?’ என்று அப்பாவியாகக் கேளுங்கள். அவர் எப்படி வைத்திருந்தார் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

அடுத்தது துரு. 1976 மாடலிலிருந்து பாடித் தகடு முழுக்கத் துத்தநாகம் பூசியது, ‘துருவே பிடிக்காது’ என்பார்கள். நாற்பது வருட உப்புச் சாலையும் நடுவில் நடந்த டிங்கரிங் வேலையும் அந்தப் பூச்சை மதிப்பதில்லை. கதவைத் திறந்து பூட்டு மாட்டும் தூணின் அடியைப் பாருங்கள். பெயின்ட் அங்கே கொப்பளித்திருந்தால் உள்ளே நிலைமை மோசம். முன்மூடியைத் தூக்கி பேட்டரி உட்காரும் மூலைகள், பெட்ரோல் டேங்க் உட்காரும் விளிம்பு, கண்ணாடியின் கீழ் ஓரம், கதவுக்கு அடியில் ஓடும் சட்டம், இவ்வளவும் விரலால் தடவிப் பார்க்க வேண்டிய இடங்கள். பெயின்ட் தடிமன் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. கம்பெனி பெயின்ட் என்றால் நூறு, நூற்றைம்பது மைக்ரான் காட்டும். ஓர் இடத்தில் மட்டும் ஆயிரத்தைத் தாண்டினால் அங்கே பட்டி போட்டு மறைத்திருக்கிறார்கள்.

கடைசியாக டயர். பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 0911 என்றால் 2011-ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம். பள்ளம் புத்தம் புதிதாக இருந்தும் டயருக்குப் பத்து வயதுக்கு மேல் என்றால் அந்த வண்டி ஓடாமல் கிடந்தது என்று பொருள். ஓடாமல் கிடந்த வண்டிக்கு ரப்பர் குழாய், சீல், பிரேக் எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை.

இவ்வளவும் நானே பார்த்த பிறகு மெக்கானிக் எதற்கு?

நீங்கள் பார்ப்பது வேண்டாம் என்று சொல்ல, அவர் பார்ப்பது சரி என்று சொல்ல. ஏர்கூல்டு வேலை மட்டுமே செய்பவராக, விற்பவருக்குத் தெரியாதவராக இருக்கட்டும். லிஃப்டில் ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றடைத்து எவ்வளவு கசிகிறது என்று அளந்து தரச் சொல்லுங்கள். சில நூறு பவுண்டு ஆகும். விற்பவர் ‘அதற்கெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டேன்’ என்றால் அதுவே சோதனையின் முடிவு, அதுவும் இலவசமாக.

எஸ்சி வாங்குபவர்கள் சிலிண்டர் தலையைப் பிடித்திருக்கும் ஸ்டட் போல்ட்டுகள் உடைந்திருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். 1970-களின் 2.7-க்கு மக்னீசிய இன்ஜின் கூடு. அதே போல்ட்டுகள் சூட்டில் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். தொடக்க கால 964-இல் சிலிண்டர் தலைக்கு கேஸ்கெட்டே வைக்கவில்லை, ஆயில் ஒழுகும். 986 என்பது போர்ஷேயின் பாக்ஸ்டர் கார். 986, 1986 என்று எண்ணைக் குழப்பிக்கொண்டு வேறு மாடலின் குறைகளைத் தேடியவரையும் எனக்குத் தெரியும்.

காகிதங்களில் எதை நம்பலாம்?

இங்கே பதிவெண் தெரிந்தால் போதும், 2005-இலிருந்து நடந்த எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனைகளின் வரலாற்றை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு வருடமும் எத்தனை மைல், எதில் தோற்றது, ‘துரு, கவனிக்கவும்’ என்று எத்தனை முறை எழுதியிருக்கிறார்கள், எல்லாம் வரும். மைல் திடீரென்று குறைந்திருந்தால் அங்கேயே முடிந்தது. விபத்தில் கழித்த வண்டியா, கடன் பாக்கி இருக்கிறதா என்பதற்குத் தனியாகக் கட்டணச் சோதனை செய்யுங்கள். பதிவுப் புத்தகமான வி5சி, வண்டி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதற்கு ஆதாரம். சொந்தக்காரர் யார் என்பதற்கு அல்ல. அது அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கிறது, ஆனாலும் யாரும் படிப்பதில்லை.

பிறகு எண்கள். இன்ஜினில் பொறித்த எண், கம்பெனியில் அந்த வண்டிக்குப் போட்ட அதே எண்தானா? ‘மேட்சிங் நம்பர்’ என்பது இதைத்தான். வேறு இன்ஜின் ஏறியிருந்தால் ஓட்டுவதற்குக் குறை இல்லை, விலையில் மட்டும் குறைய வேண்டும். முன்மூடியின் உள்பக்கம் ஒரு காகித ஸ்டிக்கர் இருக்கும். நிறத்தின் குறியீடும் கூடுதல் சாமான்களின் எண்களும் அதில் உண்டு. அதே ஸ்டிக்கர் சர்வீஸ் புத்தகத்திலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. மூடியில் இல்லையென்றால், அந்த மூடி எப்போது, ஏன் மாறியது என்று கேளுங்கள்.

மைல் குறைந்த வண்டிக்கு அதிகம் கொடுக்கலாமா?

ஓட்டப்போவதில்லை என்றால் கொடுங்கள். ஓட்டும் ஆசை இருந்தால் நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு மைலிலும் அந்தக் கூடுதல் பணம் கரையும். ஒழுங்காக சர்வீஸ் பார்த்த ஒரு லட்சம் மைல் வண்டி எனக்கு உகந்தது. இறங்கும் சந்தையில் அதன் விலை குறைவாகத்தான் விழும் என்பதும் என் கணிப்பு, ஏனென்றால் அது அதிக உயரத்தில் ஏறியே இருக்காது.

டீலர், ஏலம், தனி ஆள்: எங்கே வாங்குவது?

டீலர் விலை அதிகம், ஆனால் சட்டப்படி உங்களுக்குக் கேட்கும் உரிமையும் அதிகம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: வண்டி அவருடையதா, இல்லை வேறொருவர் விற்றுத்தரச் சொல்லி நிறுத்தியதா? சந்தை படுத்திருக்கும்போது ஷோரூம்களில் பாதி இந்த இரண்டாவது வகை. பேரத்தில் இரண்டு பேர் மனசு வைக்க வேண்டும்.

ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலை உங்கள் விலை அல்ல. அதன்மேல் வாங்குபவர் கமிஷன், கமிஷனுக்கு வாட். அரங்கத்தில் நடக்கும் ஏலங்களில் கமிஷன் மட்டும் பத்து சதவீதத்தைத் தாண்டுவது வழக்கம், ஆன்லைனில் குறைவு. வீட்டிலேயே ஒரு காகிதத்தில் எல்லாம் சேர்த்த கடைசி விலையை எழுதி, அதற்கு மேல் போகாதீர்கள். ஏலக் கூடத்தில் பக்கத்து ஆள் கை தூக்கினால் நம் கையும் தானாகத் தூக்கும். என் கை ஒருமுறை தூக்கியது. நல்லவேளை, அவர் மறுபடி தூக்கினார்.

தனி ஆளிடம் வாங்கும்போது அவருடைய வீட்டுக்குப் போய், அவருடைய ஷெட்டைப் பாருங்கள். நான் கடைசியில் வாங்கியது ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரிடம். 1991-இலிருந்து போட்ட பெட்ரோலை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு மனசு பாதி இறங்கிவிட்டது.

அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ இறக்கலாமா?

பிரிட்டனுக்குள் 30 வயது கடந்த, பெரிதாக மாற்றாத பழைய வண்டி வந்தால் சுங்கவரி இல்லை, வாட் 5 சதவீதம்தான். அதனால் கணக்கு சில சமயம் கைகொடுக்கும். ஆனால் அமெரிக்க 3.2 ஐரோப்பிய 3.2 அல்ல. ஐரோப்பிய இன்ஜின் 231 குதிரைத்திறன், அமெரிக்க இன்ஜின் முதலில் 207, பிறகு 217. ஸ்டீயரிங் இடப்பக்கம். இங்கே விற்கும்போது வாங்குபவர் கூட்டம் சிறியது, நீங்கள் வாங்கும்போது கிடைத்த தள்ளுபடியை விற்கும்போது நீங்களும் தர வேண்டும். சேசிஸ் எண்ணில் டபிள்யூபி0-க்குப் பிறகு மூன்று இசட் வந்தால் ஐரோப்பா அல்லது பிற நாடுகள். வேறு எழுத்துகள் வந்தால் அமெரிக்கா. விளம்பரம் சொல்லாததை அந்த எண் சொல்லும்.

கடன் வாங்கி வாங்கலாமா?

வேண்டாம். 60,000 பவுண்டை 9 சதவீத வட்டியில் வாங்கினால் முதல் வருட வட்டி மட்டும் ஐயாயிரத்துச் சொச்சம். விலை வருடத்துக்கு ஒன்பது சதவீதம் ஏறினால்தான் நின்ற இடத்தில் நிற்கிறீர்கள். விலை இறங்கும்போது அவசரமாக விற்பவர்கள் பெரும்பாலும் கடனில் வாங்கியவர்கள்தான். அவர்களிடம் நீங்கள் வாங்க வேண்டும், அவர்களாக நீங்கள் ஆகக்கூடாது.

வருடத்துக்கு என்ன செலவாகும்?

யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை ஆகிவிடக்கூடாது. என் கணக்கைச் சொல்கிறேன். சர்வீஸ், இன்சூரன்ஸ், எம்ஓடி சேர்த்து வழக்கமான வருடத்தில் 1,300 பவுண்டு. வழக்கமில்லாத வருடங்கள்: 2017-இல் கிளட்ச், அதற்காக இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். 2019-இல் கியர்பாக்ஸ், இரண்டாவது கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது. 1986 வரை வந்த 915 கியர்பாக்ஸின் பிரசித்தமான வலி அது. 1987-இலிருந்து வந்த ஜி50 கியர்பாக்ஸுக்குச் சந்தையில் கூடுதல் விலை இருப்பதற்கு அதுவும் காரணம். போன குளிர்காலத்தில் ஹீட்டர். தண்ணீர் இல்லாத இன்ஜினில் காருக்குள் சூடு வருவது எக்சாஸ்டைச் சுற்றிய தகட்டுக் கூட்டிலிருந்து. அந்தக் கூடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. மூன்று டிசம்பர் குல்லாயும் கையுறையுமாக ஓட்டிவிட்டுப் பிறகுதான் மனசு வந்து மாற்றினேன்.

வழக்கமானது, வழக்கமில்லாதது எல்லாம் சேர்த்து இதுவரை 23,000 பவுண்டுக்குச் சற்று மேல்.

வண்டிக்கு 40 வயது நிறையும் காலண்டர் ஆண்டு முடிந்து வரும் ஏப்ரலிலிருந்து சாலை வரி கிடையாது, விண்ணப்பிக்க வேண்டும். பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 40 வயதில் எம்ஓடியும் கட்டாயமில்லை. நான் அப்போதும் எம்ஓடி எடுக்கத்தான் போகிறேன். வருடத்துக்கு ஒருமுறை வேறொருவர் அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு அது மலிவான கூலி.

இன்சூரன்ஸில் எதைக் கவனிப்பது?

ஒப்புக்கொண்ட மதிப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும். சாதாரண பாலிசியில் வண்டி போனால் ‘அன்றைய சந்தை மதிப்பு’ என்று அவர்கள் ஒரு எண் சொல்வார்கள், நீங்கள் ஒரு எண் சொல்வீர்கள். 2021-இல் என் பாலிசியில் இன்னும் 2016 மதிப்பே இருந்ததைத் தற்செயலாகத்தான் கவனித்தேன். சந்தை ஆடும்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்படங்களோடு மதிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இது முதலீடுதானே?

46,000 போட்டேன், 23,000 செலவழித்தேன். இன்று 55,000-க்கு விற்றால் பதினாலாயிரம் நஷ்டம், வருடத்துக்கு ஆயிரத்து நானூறு. விலைவாசி ஏறியதைச் சேர்த்தால் இன்னும் மோசம். அதே வருடம் புதிய ஜெர்மன் செடான் வாங்கிய என் மைத்துனருக்கு இதைவிடப் பெரிய நஷ்டம், ஆனால் அவர் அதை முதலீடு என்று யாரிடமும் சொன்னதில்லை.

லாபம் வந்தால் பிரிட்டனில் சொந்தக் காருக்குக் கேப்பிட்டல் கெயின்ஸ் வரி இல்லை. இதை விற்பவர்கள் பெரிய விஷயமாகச் சொல்வார்கள். வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால் அது வருமானம், வரி உண்டு. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு நீண்ட கால லாபத்தின்மேல் சேகரிப்புப் பொருள் என்ற வகையில் 28 சதவீதம் வரை போகும்.

ஏர்கூல்டு எட்டாத விலை. 996 வாங்கினால் அடுத்து அது ஏறுமா?

993-க்கு அடுத்து வந்த, தண்ணீரில் குளிரும் 911-தான் 996. ஏறும் என்று பத்து வருடமாகச் சொல்கிறார்கள், கொஞ்சம் ஏறவும் செய்தது. ஓட்டுவதற்கு 996 தங்கமான வண்டி. 911 வாங்க இன்றும் மலிவான வழி. ஆனால் சாதாரண 996-இன் இன்ஜினுக்குள் ஐஎம்எஸ் பேரிங் என்று ஒன்று இருக்கிறது, அது போனால் இன்ஜினையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும். மாற்றியதற்கு பில் இருக்கிறதா, சிலிண்டர் சுவரில் கீறல் இருக்கிறதா என்று கேமரா விட்டுப் பார்த்தார்களா, இரண்டையும் கேளுங்கள். 996-இலேயே ஜிடி3, டர்போ என்ற வகைகளுக்கு வேறு இன்ஜின், இந்தத் தொல்லை கிடையாது. விலையில் அது தெரியும்.

ரிட்டயர் ஆனதும் வண்டியைச் சென்னைக்குக் கொண்டுபோக முடியுமா?

சித்தப்பா மகன் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பது. பழைய கார் இறக்குமதிக்கு இந்தியாவில் பொதுவிதி, தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. பழங்கால வண்டிகளுக்குத் தனி வழி உண்டு, ஆனால் 1986 மாடல் அதற்கு இன்னும் சின்னப் பிள்ளை. 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகூட 50 வயது கேட்கிறது. எனக்கும் வண்டிக்கும் சேர்த்து அவ்வளவு பொறுமை இருக்குமா என்று தெரியவில்லை.

உங்கள் வண்டி விற்பனைக்கு உண்டா?

இல்லை. ஹீட்டர் இப்போதுதான் வேலை செய்கிறது.